மாறக் கூடாதென்று வாக்குக் கொடுத்த தெரு

ஒரு மண்பானைக்கு மூடி போடுவதால் பயன் உண்டா என்று கண்டறிவதற்காக, ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்திவைக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

யாரும் கொடுக்கவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. கல்யாணம் நின்றுகொண்டிருக்கிறது என்பதே எனக்கு இரண்டரை மாதம் தெரியாது. அந்த இரண்டரை மாதமும் என் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆய்வை நடத்திக்கொண்டிருப்பதாக நான் நம்பினேன் என்பதுதான், இன்று நினைத்தாலும் என் காதுகளைச் சூடாக்குகிறது.

நான் ஓய்வு பெற்ற அலுவலகத்திலிருந்து சென்ற மாதம் இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். இப்போதெல்லாம் ஓர் ஆய்வைத் தொடங்குமுன் அதனால் யாருக்கும் தீங்கு வராது என்று ஒரு குழுவிடம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அந்த விண்ணப்பமே ஒரு சிறு புத்தகத்தின் கனம் இருந்தது. “ஒரு கேள்வித்தாளால் யாருக்கு என்ன கெட்டுப்போகும், மேடம்?” என்று அவர்களில் ஒருவர் அலுத்துக்கொண்டார். நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று கேட்டார்கள். அதற்கான விடை வாய்வார்த்தையில் அடங்காததால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நான் சமூகவியலில் பட்டம் பெற்றேன். ஓராண்டுப் பயிற்சியில், கேள்விக்குள்ளேயே பதிலை ஒளித்துவைக்காமல் கேட்பது, முக்காலியை விட்டுத் தரையில் உட்கார்வது, மூன்று தேநீரை மறுத்து நான்காவதை ஏற்பது ஆகியவற்றைக் கற்றுக்கொண்டேன். பிறகு பம்பாயின் செம்பூர்ப் பகுதியில் ஒரு சிறிய சமூக ஆய்வு அலுவலகத்தில் கள ஆய்வாளராகச் சேர்ந்தேன். வீடு மாட்டுங்காவில், களம் பெரும்பாலும் தாராவியில். உலகத்தைத் திருத்துவதற்கு இந்த மூன்று இடங்களும் போதுமென்று அப்போது எனக்குத் தோன்றியது.

எங்கள் தலைவர் டாக்டர் ராமசேஷன். அவருக்கு ஆய்வு என்பது ஒரே ஒரு கேள்விதான்: “எதோட ஒப்பிட்டு?” அதை அவர் அலுவலகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மழை அதிகம் என்றால், “எதோட ஒப்பிட்டு?” காபி நன்றாக இருக்கிறது என்றால், “எதோட ஒப்பிட்டு?” ஒருமுறை எங்கள் தட்டச்சாளர் தமக்கு மகன் பிறந்திருப்பதாகவும், குழந்தை மிகவும் சிவப்பு என்றும் சொன்னபோது டாக்டர் வாயைத் திறந்தார். நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் இருமி அவரைத் தடுத்தோம். ஒரு கருத்தைச் சொல்லுமுன் பென்சில் சீவுவார். கருத்து பெரிதானால் பென்சில் சிறிதாகிவிடும். பழைய உறைகளைப் பிரித்து அவற்றின் உட்புறத்தில் நான்கு கட்டங்கள் வரைவார். எந்த ஆய்வும் அந்த நான்கு கட்டங்களுக்குள் அடங்க வேண்டும். அடங்காதவற்றுக்குக் கதை என்று அவர் பெயர் வைத்திருந்தார்.

அந்த ஆண்டு ஒரு தரும அறக்கட்டளை எங்களை அணுகியது. தாராவியில் மழைக்காலந்தோறும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. மூடி போட்ட தண்ணீர்ப் பானையும் நீண்ட பிடியுள்ள ஓர் அகப்பையும் கொடுத்தால், குவளையோடு கையையும் பானைக்குள் விடுவது நிற்கும், நோயும் குறையலாம். குறையும் என்று நாங்கள் காட்டினால் அவர்கள் பல தெருக்களுக்குக் கொடுப்பார்கள்.

எந்த வடிவமைப்பு என்பதே முதல் விவாதம். பானை கொடுத்துவிட்டு, “பயன் இருந்ததா?” என்று கேட்கலாமே என்றேன். “பானையை வாங்கிண்டவா இல்லைன்னு சொல்லுவாளா? மரியாதை தெரிஞ்ச ஜனங்கள்” என்று டாக்டர் தள்ளிவிட்டார். கொடுக்குமுன் ஒருமுறையும் ஆறு மாதம் கழித்து ஒருமுறையும் அதே வீடுகளில் நோயைக் கணக்கிடலாமே என்றேன். டாக்டர் பென்சிலைச் சீவத் தொடங்கினார். “மழை வரப்போ நோய் ஏறும். மழை நின்னா தானா இறங்கும். இறங்கினது பானையாலயா, மேகத்தாலயா? எதோட ஒப்பிட்டு?” என்றவர், உறையைப் பிரித்து நான்கு கட்டங்களைப் போட்டார். பானை பெறும் தெரு, பானை பெறாத தெரு, முன்பு, பின்பு. இரண்டு தெருவிலும் ஒரே மழை பெய்யும். ஆகவே மிச்சமிருக்கும் வித்தியாசம் பானையினுடையது. அந்த உறையின் அழகில் நான் மெய்ம்மறந்தேன். இன்றும் அது அழகானதுதான். அதில் கோளாறு இல்லை.

கோளாறு என்னிடம் இருந்தது.

குறுகிய தெருவைப் பம்பாயில் கல்லி என்று சொல்வார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு தலைமுறையாகத் தாராவியில் வசித்த குடும்பங்களின் இரண்டு கல்லிகளைத் தேர்ந்தெடுத்தேன். ஆண்கள் தோல் பட்டறைகளிலும் ஆலைகளிலும் வேலை பார்த்தார்கள். பெண்கள் முறுக்கும் இட்லியும் செய்து விற்றார்கள். மேலக் கல்லிக்குப் பானை, கீழக் கல்லி ஒப்பீட்டுக்கு. முதல் சுற்றுக் கணக்கெடுப்பை வைகாசி முடிவதற்குள் முடித்தேன். வீட்டில் எத்தனை தலை, கூரை எப்படி, பானை எங்கே, யார் வீட்டில் தண்ணீர் கடன் வாங்குவீர்கள், குடிப்பழக்கம் உண்டா, கோழி உண்டா, எத்தனை கோழி? எதுவும் விடுபடக் கூடாதென்று, கழுத்தில் இறகில்லாத கோழி ஒன்று என்பதைக்கூட எழுதினேன்.

பானை தங்களுக்கு இல்லை என்று தெரிந்ததும் கீழக் கல்லி முகம் சுளித்தது. அவர்கள் மனம் புண்படக் கூடாதே என்ற கவலையில், அவர்களுடைய சங்க அறையில் எழுந்து நின்று நான் ஓர் உரை ஆற்றினேன். பானையை வாங்கிக்கொள்வது எளிது. வாங்காமல் இருப்பதே பெரிய பொறுப்பு. நீங்கள் இப்போது எப்படி இருக்கிறீர்களோ அப்படியே ஆறு மாதம் இருக்க வேண்டும். எதையும் மாற்றிவிடக் கூடாது. உங்களுடைய உறுதியில்தான் நாளைக்குப் பல குழந்தைகளின் உடல்நலம் இருக்கிறது. எங்கள் பெரியவர் டாக்டர் ராமசேஷன் சார்பில் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பேசி முடித்தபோது என் குரலே கம்மியிருந்தது. சங்கத் தலைவர் சுடலைமுத்து எழுந்தார். தோல் பட்டறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர்; மூக்குக் கண்ணாடியை நூலால் காதோடு கட்டியிருந்தார். அறையின் மூலையில் இருந்த சாமி படத்தின் முன் சூடம் ஏற்றி, என் கையில் வெற்றிலையைக் கொடுத்து, என்னிடமிருந்து ஒரு வெற்றிலையை வாங்கிக்கொண்டார்.

“நீங்க நம்பிப் போலாம்மா. இந்தக் கல்லி சொன்ன சொல்லு தவறினது கெடையாது” என்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். அடுத்த வாரம் அலுவலகத்துக்குச் சங்கத்தின் தீர்மான நகல் வந்தது. கோடு போட்ட தாளில், கையெழுத்துகளும் பெருவிரல் ரேகைகளும் சூழ, இப்படி எழுதியிருந்தது: “மேற்படி கல்லியில் வசிக்கும் அனைவரும் இன்று முதல் கார்த்திகை கடைசி வரை தற்சமயம் இருக்கும் நிலையிலேயே இருக்கக் கடமைப்பட்டவர்கள். மீறுவோர் சாமி விளக்குக்கு அரைப்படி நல்லெண்ணெய் கொடுக்க வேண்டியது.” டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். “ஒரு ஒப்பீட்டுத் தெரு எழுத்து மூலமா ஒத்துழைச்சு நான் பார்த்ததே இல்லை” என்று சொல்லித் தமது மேசைக்கு எதிரே ஒட்டிவைத்தார்.

ஆனியிலும் ஆடியிலும் நான் கணக்கெடுக்கச் சென்றேன். மேலக் கல்லி என்னை மிகவும் சோதித்தது. ஒரு வீட்டில் புதுப் பானைக்குள் அரிசி இருந்தது. இன்னொரு வீட்டில் அகப்பையால் சாம்பார் பரிமாறினார்கள். ஒருவர் பானையைக் கொழுந்தியாளுக்குச் சீராக அனுப்பிவிட்டு, “வந்துரும்மா, வளைகாப்பு முடியட்டும்” என்றார். கீழக் கல்லியோ தங்கம். எந்தத் தாளை எடுத்தாலும் சென்ற மாதத்தின் பிரதி. கூரை: மாற்றமில்லை. தண்ணீர் கடன்: மாற்றமில்லை. கோழி: மாற்றமில்லை.

ஒழுகும் கூரையின் கீழ் வாளியும் சட்டியும் குண்டானும் வரிசையாக வைத்து அவற்றுக்கிடையே மக்கள் நடந்தார்கள். கூரைமேல் விரிக்கும் தாட்பத்ரி ஒவ்வொரு வீட்டிலும் மடித்தபடி மூலையில் இருந்தது. “ஏன் போடவில்லை?” என்று கேட்டால், “கார்த்திகைக்குப் பொறவும்மா” என்று, நானும் அவர்களும் பகிர்ந்துகொண்ட ஒரு ரகசியம்போலச் சிரித்தார்கள். ஏறிப் போட ஆளில்லை போலும், கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது என்று எண்ணி நானும் சிரித்துவைத்தேன். அன்று என் நாட்குறிப்பில் வறுமையின் மௌனம் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஆவணி பிறந்த முதல் வாரம், நான்காம் சுற்றுக்காக ரயில் பாலத்தைக் கடந்து தாராவிக்கு நடந்தேன். கீழக் கல்லியில் மழைத்தண்ணீர் கணுக்காலுக்கு நின்றது. முதல் வீட்டில் பேச்சி என்ற இருபது வயதுப் பெண் எண்ணெய்ச் சட்டியின் முன் உட்கார்ந்து முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் தாய் மாவு பிசைந்துகொண்டிருந்தார். நான் நோட்டைத் திறந்ததும் பேச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எக்கா, ஒங்க நோட்டுல எங்க வீட்ல எத்தன தல போட்டிருக்கு?”

“ஐந்து.”

“நான் போயிட்டா நாலு. அதான் விடமாட்டேங்காவ.”

“எங்கே போயிட்டா?”

“தாணேக்கு. மாப்பிள வீட்டுக்கு. பின்ன எங்க, எலிபெண்டா பாக்கவா?”

“சும்மா கெட ஏட்டி” என்று தாய் அதட்டினார். “அவிய படிச்சவிய. காரணம் இல்லாமச் சொல்லுவாவளா?”

“என்ன காரணம்னு நீ கேட்டியா? நான் கேக்கேன்.” பேச்சி முறுக்கைத் திருப்பிப் போட்டாள். “எக்கா, ஆவணி கடைசி முகூர்த்தம்னு பரிசம் போட்டாச்சு. இப்ப சங்கத்துல கார்த்திகை வரைக்கும் பொறுன்னுட்டாவ. நடுவுல புரட்டாசி. மாப்பிளையோட அம்மா சொல்லிவிட்டுட்டாவ, ஆவணி தாண்டினா காட்கோபர்ல ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்காவளாம். நான் இங்க ஒங்க நோட்டுக்கு அஞ்சாந் தலையா காலி பீலி, சும்மா ஒக்காந்திருக்கேன்.”

எனக்கு உடனே விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். யார் பொறுக்கச் சொன்னார்கள் என்று கேட்டேன். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீங்கதான்” என்றாள் பேச்சி.

அதற்குள் பேச்சுக் கேட்டு எதிர்வீட்டிலிருந்து மாடசாமியின் மனைவி சண்முகத்தாய் வந்துவிட்டார். அவருக்குப் பல நாளாக என்னிடம் ஒரு விண்ணப்பம் இருந்ததாம். “எங்க வீட்டுக்காரரு குடிய விட்டுருதேன்னு சாமிக்கு முடிஞ்சு வச்சாரும்மா. மூணு நாளு விட்டாரு. நாலாம் நாளு சங்கத்துல கூப்புட்டு, தாள்ல குடி உண்டுன்னு எளுதியிருக்கு, அரைப்படி எண்ணெய வையின்னுட்டாவ. மனுசன் அன்னியிலேருந்து சங்கத்துக்குக் கட்டுப்பட்டுக் குடிக்காரு. நான் ஏதாவது சொன்னா, ‘குழந்தைய ஒடம்புக்காகக் குடிக்கேன்’ங்காரு!”

அடுத்தடுத்து வந்தன. ராசம்மாவும் பிச்சம்மாவும் நாத்தனார்கள். வைகாசியில் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள். தண்ணீர் கடன் கேள்விக்கு, “எதிர்வீட்டோடு பேச்சில்லை” என்று இருவரும் எனக்குப் பதில் சொல்லியிருந்தார்கள். மறுவாரமே சமாதானம் ஆகிவிட்டது. ஆனால் தாளில் பேச்சில்லை. ஆகவே இரண்டரை மாதமாகக் கோயிலில் மட்டும், அதுவும் சாமியைப் பார்த்தபடி, பேசிக்கொள்கிறார்கள். கழுத்தில் இறகில்லாத கோழி ஆடியில் செத்துப்போனது. அதேபோல் ஒன்று கிடைக்கும்வரை சங்கம் ஆள் அனுப்பித் தேவ்நாரில் தேடிப் பிடித்திருக்கிறது.

நான் நனைந்த புடவையோடு சுடலைமுத்துவிடம் ஓடினேன். அவர் சங்க அறையில் தீர்மான நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, பேச்சி கல்யாணத்தைத் தாராளமா நடத்துங்கோ. நான் சொன்னது தண்ணிப் பானை விஷயம் மட்டும்.”

“‘எதையும்’னு சொன்னியளே.”

“கல்யாணத்தைச் சொல்வேனா?”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கோபமில்லை, எனக்காக வருத்தப்படுகிறவர்போல இருந்தது. “நீங்க கோழியையும் எண்ணிட்டுப் போனிய. பேச்சியையும் எண்ணிட்டுப் போனிய. ரெண்டும் ஒரே தாள்லதான் கெடக்கு. இதுல எது மாறலாம், எது மாறக் கூடாதுன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“சரி, இப்போ சொல்றேன். கல்யாணம் நடக்கலாம்” என்றேன்.

“நீங்க சொன்னா ஆவாது. சாமி முன்னால வெத்தல மாத்தின வாக்கு. யாரு பேரச் சொல்லிக் கேட்டியளோ அந்தப் பெரியவரு வந்து, வெத்தலயத் திருப்பி வாங்கணும். நாங்களா விட்டுட்டோம்னா நாளைக்கு இந்தக் கல்லி சொல்லுக்கு என்ன மதிப்பு?” மெதுவாகச் சேர்த்தார்: “பேச்சி எனக்கும் தங்கச்சி மவதாம்மா. சீக்கிரம் கூட்டிட்டு வாங்க.”

அன்று பிற்பகல் செம்பூர் அலுவலகத்தில் டாக்டர் என் ஆடி மாதத் தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு பரவசத்தில் இருந்தார். “சரோஜா, இதைப் பாரேன். கோழி கூட மாறலை!”

“மாறித்து ஸார். அது வேற கோழி” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். வரும் வழியில் பேருந்துச் சீட்டின் பின்புறம் விளைவுகளை இரண்டு பத்தியாக எழுதியிருந்தேன், அதையும் நீட்டினேன். ஆய்வை இப்படியே விட்டால்: கல்யாணம் முறியும், கூரை ஒழுகும், மாடசாமி தியாகியாவார். இடையில் மாற்றினால்: நான்கு கட்டங்களில் இரண்டு பாழ், அறக்கட்டளை பின்வாங்கும், மூடி போட்ட பானை எந்தத் தெருவுக்கும் கிடைக்காது, அடுத்த மழையில் மீண்டும் குழந்தைகளுக்கு நோய்.

டாக்டர் பென்சிலை எடுத்தார். சீவினார். சீவிக்கொண்டே இருந்தார். என் பார்வைக்கு அது ஒரு பொத்தானளவு ஆனபோது பேசினார்.

“ஒப்பீட்டுத் தெருன்னா நம்ம கூடவே நடந்து வர ஆள் மாதிரி இருக்கணும். அவனுக்கு முள் குத்தும், பசிக்கும், கல்யாணம் ஆகும். பானை ஒண்ணுதான் இருக்காது. நீ கூட நடக்கற ஆளை விட்டுட்டு, சுவத்துல மாட்டின போட்டோவோட ஒப்பிட்டிண்டு இருக்கே.”

“அப்போ ஆய்வு முன்னமே கெட்டுப்போச்சா ஸார்?”

“வைகாசியிலேயே. நீ அழுதுண்டே பேசின அன்னிக்கே.”

இதைவிட ஆறுதலான செய்தியை நான் கேட்டதில்லை. கெட்டுப்போன ஆய்வுக்காகக் கல்யாணத்தை முறிக்கத் தேவையில்லை அல்லவா? ஆனால் டாக்டர் என்னைத் தப்பவிடவில்லை. “கெட்டுப்போகாம நன்னா நடந்துண்டு இருந்தா என்ன பண்ணியிருப்பே? அதை யோசி” என்றார். நான் யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன். அந்தப் பேருந்துச் சீட்டில் எது கனமான பத்தி என்று அன்று எனக்குத் தெரியவில்லை; பேச்சியின் முகத்தைப் பார்த்திராவிட்டால் தெரிந்திருக்கவே போவதில்லை என்ற பயம் மட்டும் தெரிந்தது.

பதினைந்து ஆண்டு வேலையில் டாக்டர் ராமசேஷன் களத்துக்கு வந்ததில்லை. களம் தம்மைப் பார்த்தால் மாறிவிடும் என்பது அவர் சொல்லும் காரணம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, காலணிகளைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, குடையோடு கீழக் கல்லிக்குள் இறங்கினார். சங்க அறை நிரம்பியிருந்தது. சங்கத்தின் கூரையும் வாக்குத் தவறாமல் ஒழுகியது. அதனால் அறைக்குள்ளேயே இருவர் டாக்டருக்குக் குடை பிடித்தார்கள்.

“நமஸ்காரம். ஆய்வு வடிவமைப்புங்கறது…” என்று அவர் தொடங்கினார்.

“சாமி, சத்தமா!” என்றது பின்வரிசை.

அவர் சாக்கட்டி கேட்டு வாங்கி, கதவில் நான்கு கட்டங்கள் வரைந்து விளக்கினார். அறக்கட்டளையின் செயற்குழுவுக்கு ஒன்றரை மணி நேரத்தில் விளங்காதது கீழக் கல்லிக்குப் பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. விளங்கியதோடு நிற்கவில்லை. சுடலைமுத்து எழுந்தார்.

“அய்யா, ஒரு சந்தேகம். மேலக் கல்லி மேடு. அங்க தண்ணி நிக்காது. இங்க முழங்காலுக்கு நிக்கும், கக்கூசு தண்ணியும் சேந்து. அங்க நோவு கொறஞ்சா அது பானையாலயா, மேட்டாலயா?”

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். வேட்டி கட்டிய ஐம்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தெருக்களைக் கோடையில் தேர்ந்தெடுத்தவள். தண்ணீர் எங்கே நிற்கும் என்று பார்க்காமல் கோழியின் கழுத்தைப் பார்த்தவள்.

“நியாயமான கேள்வி” என்றார் டாக்டர். அவர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு வெற்றிலைச் சடங்கு. சுடலைமுத்து நோட்டைத் திறந்து, மொத்தமாக விடுதலை செல்லாது, ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்றார்.

“கூரைக்குத் தாட்பத்ரி போடலாமா?”

“போடலாம். இப்பவே போடுங்கோ” என்றார் டாக்டர், கழுத்தைத் துடைத்தபடி.

“மாடசாமி குடிய விடலாமா?”

“விடலாம்.”

“அவசரமில்ல சாமி, நான் கார்த்திகை வரைக்கும்…” என்று மாடசாமி எழுந்தார். சண்முகத்தாய் அவர் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தார்.

“ராசம்மாவும் பிச்சம்மாவும் பேசலாமா?”

“பேசலாம்.”

உடனே இருவரும் பேசினார்கள். வைகாசிச் சண்டையில் முதலில் வாயை விட்டது யார் என்பதைப் பற்றிப் பேசினார்கள். சங்கம் தலையிட்டு அவர்களை எதிரெதிர் மூலையில் உட்காரவைக்க வேண்டியதாயிற்று.

“பேச்சிக்குக் கல்யாணம் ஆகலாமா?”

டாக்டர் பெண்கள் பக்கம் திரும்பி, எந்தப் பெண் என்று தேடி, கண்டுபிடித்து, அவளைப் பார்த்துச் சொன்னார்: “ஆகணும். நிறுத்தி வெச்சது எங்க தப்பு.”

வெற்றிலை கை மாறியது. எல்லோரும் எழுந்தார்கள். பேச்சி மட்டும் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

“எங்க கல்லிக்குப் பானை எப்ப?”

“எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்துல கொடுக்கப் பானை இல்லைம்மா. கொடுத்துட்டா ஒப்பிடவும் முடியாது” என்றார் டாக்டர்.

“குழாய்ல யாரு மொதல்ல புடிக்கதுன்னு சண்ட வந்தா நாங்க என்ன செய்யுதோம்? வீட்டு நம்பர எளுதி டப்பாவுல போட்டுக் குலுக்குதோம். தண்ணி எல்லாருக்கும் உண்டு. மொதல்ல யாரு, பொறவு யாருங்கதத்தான் டப்பா சொல்லும். மேடு, பள்ளம் எல்லாம் கலந்து வரும். யாரும் கோவிக்கவும் முடியாது. பானைக்கும் அப்படிச் செஞ்சா என்ன? மொதல்ல வாங்கினவங்களோட, இன்னும் வாங்காதவங்கள ஒப்பிட்டுக்கிடுங்க.”

டாக்டர் மறுபடியும் சாக்கட்டியை எடுத்துக் கதவருகே போனார். “இந்தப் பொண்ணு எத்தனை படிச்சிருக்கா?” என்று கேட்டார்.

“மூணாங் கிளாசு” என்றார் தாய், தயக்கத்துடன்.

“போறும்” என்றார் டாக்டர்.

ஆவணி கடைசி முகூர்த்தத்தில் பேச்சிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் தாய், காட்கோபர்ப் பெண்ணைப் பற்றித் தாம் பேச்சுக்குத்தான் சொன்னதாகப் பந்தியில் எல்லோரிடமும் விளக்கினார். டாக்டர் ராமசேஷன் மூடி போட்ட பானையும் அகப்பையும் பரிசாகக் கொண்டுவந்தார். நான் பதறிப்போய், “ஸார், ஒப்பீட்டுத் தெருவுக்கே பானையா?” என்றேன். “பொண்ணு தாணேக்குப் போயிடுவா. தாணே நம்ம ஆய்வுல இல்லை” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அறக்கட்டளைக்கு அவர் எழுதிய அறிக்கையின் முதல் வரி, “எங்கள் வடிவமைப்பு தவறாக நடைமுறைப்படுத்தப்பட்டது” என்பது. என் பெயரை அவர் எழுதவில்லை. நானே அடியில் கையெழுத்திட்டேன். செயற்குழு எங்களை வெகுநேரம் நிற்கவைத்துக் கேள்வி கேட்டது. அடுத்த மழைக்கு மறுமுறை முயல அரைமனதாக அனுமதி கிடைத்தது. அம்முறை வீட்டு எண்களைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுச் சுடலைமுத்து குலுக்க, இரண்டு கல்லிகளுக்கும் வீடு வீடாகப் பானைகள் முறை வைத்துப் போயின. முதலில் பெற்ற வீடுகளில் குழந்தைகளுக்கு நோய் குறைந்திருந்தது. நாங்கள் ஆசைப்பட்ட அளவுக்கு இல்லை, மறுக்க முடியாத அளவுக்கு இருந்தது. அறக்கட்டளைக்கு அது போதுமானதாயிற்று.

அதற்குப் பின் நான் ஓய்வு பெறும்வரை எங்கள் அலுவலகம், கொடுக்கப்படாத தெரு என்று ஒன்றை வைத்துக்கொள்ளவில்லை. பிறகு கொடுக்கப்படும் வீடு என்றுதான் வைத்துக்கொண்டோம். வரிசையைக் குலுக்கல் முடிவு செய்தது. குலுக்கல் அந்தத் தெருக்காரர்களின் முன்னிலையில் நடந்தது. முதல் சந்திப்பில் கேட்கும் முதல் கேள்வியையும் மாற்றினோம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன், வரும் மாதங்களில் உங்கள் வீட்டில் என்னென்ன நடக்க இருக்கிறது என்று கேட்டோம்; அவர்கள் சொல்வதைக் கேட்டு, ஆய்வின் நாட்களை அதற்கேற்ப நகர்த்தினோம்.